காலில் பட்டால் ஃபவுலா? ஞாயிறு ஹாக்கியும் ஒற்றை விசிலும்

ஹாக்கி ஆடுகிற எந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கூச்சல் கேட்டுவிடும்: "ஃபுட்டு!" பந்து எதிரணிக்காரர் காலில் பட்டுவிட்டது, விசில் ஊது என்று அர்த்தம். கத்துகிறவருக்கு அதில் துளியும் சந்தேகம் இருக்காது. காலில் பட்டால் ஃபவுல், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் உடம்பால் பந்தை நிறுத்தக் கூடாது, உதைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. பந்து காலிலோ கையிலோ உடம்பிலோ பட்டாலே எப்போதும் குற்றம் ஆகிவிடாது. பட்டதால் அந்த ஆட்டக்காரருக்கு ஆதாயம் கிடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தடுக்கணும்னே அவர் உடம்பைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் குற்றம்.

இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாக விதிப் புத்தகத்தையும் எங்கள் ஞாயிறு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து வருகிறேன். அதில் புரிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பொறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் விசில் ஊதுகிறோம், உடனே ஊத வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறோம். ஏன் இப்படி ஆகிறது, அதனால் என்ன நஷ்டம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

எந்த ஆட்டம்?

இருங்காட்டுக்கோட்டை என்றதும் பலருக்கு ஹூண்டாய் தொழிற்சாலையும் ரேஸ் டிராக்கும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் தென்மாவட்டத்துக்காரர்கள் நிறைய. கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், எங்கிருந்தாவது ஹாக்கி ஸ்டிக் முளைத்துவிடும். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன அந்த ஊருக்கு ஹாக்கியும் அதே அளவு சொந்தம். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர்தான்.

எங்கள் ஆட்டம் அந்த உயரத்தில் இல்லை. மண் தரை, நடுநடுவே சின்னக் கற்கள். பக்கத்துக்கு ஏழு பேர், சில வாரம் எட்டு. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவர்களும் உண்டு. விசில் ஒன்றுதான். நாற்பதைத் தாண்டிய, முட்டி ஒத்துழைக்காத, சாஃப்ட்வேர்க்காரன் என்ற தகுதியால் பெரும்பாலும் அது என் கழுத்தில்தான் தொங்கும்.

2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. முடிவு பிடிக்கவில்லை என்றால் பசங்க காற்றில் டிவிப் பெட்டி வரைகிறார்கள். கிரிக்கெட்டிலிருந்து கடன் வாங்கிய சைகை. பார்க்க டிவியும் இல்லை, கேமராவும் இல்லை. ஆனால் கேட்க உரிமை உண்டாம்!

முதல் கேள்வி: யாருக்கு நஷ்டம்?

ஹாக்கியின் தண்டனை விதிகள் 12ஆம் விதியில் இருக்கின்றன. அதன் முதல் வரிதான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. எதிரணி விதியை மீறியதால் ஒரு ஆட்டக்காரருக்கோ அணிக்கோ பாதகம் ஏற்பட்டால் மட்டுமே தண்டனை. விதி மீறப்பட்டது என்பது மட்டும் போதாது. அதனால் இன்னொருவர் எதையாவது இழந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஃபார்வர்ட் ஒருவர் பாஸ் கொடுக்கிறார். பந்து டிஃபெண்டர் காலில் பட்டுத் திசை மாறி, இன்னொரு ஃபார்வர்டிடம் போய்ச் சேர்கிறது. அவர் முன்னால் கோல் திறந்து கிடக்கிறது. இப்போது "ஃபுட்டு" என்று விசில் ஊதினால் யாருக்கு லாபம்? தப்பு செய்த டிஃபெண்டருக்குத்தான். அவருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், அவர் அணியும் திரும்பி வந்து நின்றுவிடும். அதனால்தான் நல்ல அம்பயர் இந்த இடத்தில் ஊதாமல், ஆதாயம் பெறும் அணி போகும் திசையில் ஒரு கையை உயர்த்திக் காட்டுகிறார். "பார்த்துட்டேன், ஆடுங்க" என்பது அதன் பொருள்.

சரி, பாதகம் இருக்கிறது என்று முடிவாகிவிட்டால் என்ன தண்டனை? எங்கே நடந்தது, வேண்டுமென்று செய்ததா, கோல் விழும் வாய்ப்பு கெட்டதா என்பதைப் பொறுத்து அது மூன்று படிகளில் ஏறும்.

ஃப்ரீ ஹிட் முதல் படி. மைதானத்தில் எங்கேயும் நடக்கும் சாதாரணத் தவறுகளுக்கு இதுதான்.

பெனால்டி கார்னர் இரண்டாவது. கோலைச் சுற்றி 14.63 மீட்டர் ஆரத்தில் வரைந்திருக்கும் 'டி' வட்டத்துக்குள் டிஃபெண்டர் தெரியாமல் செய்த தவறுக்கு இது கிடைக்கும். வட்டத்துக்கு வெளியே, ஆனால் தன் பக்கத்து 23 மீட்டர் பகுதிக்குள் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் இதுதான்.

பெனால்டி ஸ்ட்ரோக் மூன்றாவது. டிஃபெண்டர் வட்டத்துக்குள் செய்த தவறு, விழுந்திருக்கக்கூடிய கோலைத் தடுத்துவிட்டது என்றால் இது. பந்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்டக்காரரை வட்டத்துக்குள் வேண்டுமென்றே தடுத்தாலும் இது. கோலுக்குச் சுமார் ஆறரை மீட்டர் முன்னால் பந்தை வைத்து, கோல்கீப்பரை மட்டும் நிறுத்தி அடிக்கிற வாய்ப்பு.

என்னைப் போன்ற புரோகிராமருக்கு இதைப் பார்த்ததும் 'இஃப்-எல்ஸ்' மரம் மாதிரித் தெரியும். எழுதிவிடலாம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் நிற்கும் வார்த்தைகளைப் பாருங்கள்: பாதகம், வேண்டுமென்றே, விழுந்திருக்கக்கூடிய. மூன்றையும் எந்த சென்சாராலும் அளக்க முடியாது, ஒரு மனிதர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்பயர் சொல்வது அபிப்பிராயம்தான் என்று புலம்புகிறோம். விதியே அவரிடம் அபிப்பிராயத்தைத்தான் கேட்கிறது.

இரண்டாவது கேள்வி: யாருக்கு அடிபடும்?

ஆபத்தான ஆட்டம் என்று வரும்போது அதே புத்தகம் வேறு குரலில் பேசுகிறது. ஒரு பந்து எப்போது ஆபத்தானது? எதிரில் நிற்பவர் நியாயமான காரணத்தோடு விலகவோ குனியவோ வேண்டி வந்தால், அப்போதே அது ஆபத்தானது. அடிபட வேண்டியதில்லை. ஐந்து மீட்டருக்குள் நிற்கும் எதிரணிக்காரரை நோக்கி ஃப்ளிக்கோ ஸ்கூப்போ செய்து பந்தைத் தூக்குவதையும் விதி ஆபத்தாகவே கருதுகிறது. மேலிருந்து இறங்கும் ஏரியல் பந்தை ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார் என்றால், அவர் அதை வாங்கிக் கட்டுப்படுத்தித் தரைக்குக் கொண்டுவரும் வரை எதிரணிக்காரர் ஐந்து மீட்டருக்குள் வரக் கூடாது.

பெனால்டி கார்னரில் இது இன்னும் துல்லியமாகிறது. முதல் ஷாட் ஓங்கி அடிக்கும் ஹிட் என்றால், கோல் கோட்டைத் தாண்டும்போது அது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோலுக்குள் இருக்கும் பின்பலகையின் உயரம் அது. ஃப்ளிக் செய்தால் உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் ஆபத்து விதி அதற்கும் உண்டு. முதல் ஷாட் ஐந்து மீட்டருக்குள் இருக்கும் டிஃபெண்டருக்கு முட்டிக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர். அவர் இயல்பாக நின்றிருக்கும்போது முட்டியிலோ அதற்கு மேலோ பட்டால், ஷாட்டே ஆபத்தானது என்று தீர்ப்பு, ஃப்ரீ ஹிட் டிஃபெண்டர் அணிக்கு. ஒரே ஷாட், ஒரே ஆள், பட்ட உயரம் மட்டும் வேறு. தண்டனை அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது.

ஏன் இவ்வளவு கறார்? ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறக்குறைய அதேதான். கிரிக்கெட்டில் அதை எதிர்கொள்பவர் ஹெல்மெட்டும் பேடும் கட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் ஞாயிறு ஆட்டத்தில் டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும்தான்.

இதிலும் ஒரு வாக்குவாதம் வரும். "அண்ணே, நான் வேணும்னா தூக்கினேன்? கல்லுல பட்டு எகிறிடுச்சு!" உண்மையாகவே இருக்கலாம். மண் தரையில் பந்து தானாகவே எகிறும். ஆனால் ஆபத்து விதி மனசைக் கேட்பதில்லை, பந்து போன இடத்தைத்தான் கேட்கிறது. எங்கள் ஊர் ரேஸ் டிராக்கில் மார்ஷல்கள் மஞ்சள் கொடி காட்டுவார்கள். முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று பொருள். யார் மேல் தப்பு என்று அந்தக் கொடி சொல்லாது. அந்த விசாரணை பிறகு, வேறு ஆட்களிடம். ஆபத்துக்கு ஊதும் விசிலையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது குற்றப்பத்திரிகை இல்லை, எச்சரிக்கை.

தலைகீழ் விசில்

ஆக, புத்தகத்தில் இரண்டு தராசுகள் இருக்கின்றன. நியாயம் பற்றிய விஷயத்தில் "பொறு, பாதகம் இருக்கிறதா பார்." ஆபத்து பற்றிய விஷயத்தில் "அடிபடும் வரை காத்திருக்காதே."

ஞாயிறு ஆட்டங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். காலில் லேசாகப் பட்டால் ஏழு பேர் கத்துவார்கள், விசில் பறக்கும். பந்து காதோரம் சீறிப் போனால் "டேய் பாத்துடா" என்று ஒரு சிரிப்பு, ஆட்டம் தொடரும். காரணம் எளிது. காலில் பட்டதற்குச் சத்தம் உண்டு, சாட்சி உண்டு, கிடைக்கப்போகும் லாபமும் உண்டு. படாமல் போன பந்து எந்தத் தடயமும் விடாது. நடக்காத ஒன்றுக்காக யார் கத்துவார்கள்?

இதில் ஒரு வினோதம் என்னவென்றால், இதைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் 'நியர் மிஸ்' என்றால் என்னவென்று சொல்வார்கள். மேலிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார் மேலும் படவில்லை. இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று தரையில் விழுந்தது நாளை தலையில் விழும் என்பதுதான் அந்தப் படிவத்தின் அடிப்படை. திங்கள் முதல் சனி வரை அதை நிரப்புகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காதோரம் போன பந்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு ஞாயிறு நான் ஊரில் இல்லை, விசில் பிடிக்க வேறு ஆளும் இல்லை. ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். முதலில் ஒரு பந்து அவன் தோளுக்கு மேல் பறந்திருக்கிறது. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொரு பந்து புருவத்தில். நாலு தையல். கண் தப்பியது. மூன்று ஷிஃப்ட் போகவில்லை, மூன்று நாள் கூலி இல்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் வாரம் அது. சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடிய என்னைப் போன்றவனுக்கு இது ஒரு வாரக் கதை, அவனுக்கு ஒரு மாதக் கணக்கு.

அந்தத் தம்பியிடம் பிறகு கேட்டேன், முதல் பந்துக்கே ஏன் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்று. "படலையே அண்ணே" என்றான்.

வீடியோ இருந்தால் தீர்ந்துவிடுமா?

காற்றில் டிவிப் பெட்டி வரைபவர்களுக்காக இந்தப் பகுதி.

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, இந்தியாவும் பிரிட்டனும். 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸின் ஸ்டிக் பிரிட்டனின் வில் கால்னன் முகத்தில் பட்டது. வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுவதும் இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. ரோஹிதாஸுக்கு அடுத்த ஆட்டத்தில் தடை. ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்ற அரையிறுதியில் அவர் இல்லை. ஸ்டிக் முகத்தில் பட்டது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, கேமரா அதைத் தெளிவாகக் காட்டியது. வேண்டுமென்று செய்ததா, பந்தோடு திரும்பும்போது தற்செயலாகப் பட்டதா என்பதில்தான் இன்றுவரை வாதம். ஸ்லோ மோஷனில் எந்த அசைவும் திட்டமிட்டது போலத்தான் தெரியும். தொட்டதைக் கேமரா காட்டும், எண்ணத்தைக் காட்டாது.

2022 ஆகஸ்ட் 5, பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி, மகளிர் அரையிறுதி. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1-1. ஷூட்-அவுட்டில் முதல் முயற்சியை எடுத்த அம்ப்ரோசியா மலோனை கோல்கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். ஆனால் எட்டு விநாடிக் கடிகாரத்தை ஓட விடவில்லையாம். மறுபடி எடுக்கச் சொன்னார்கள், இந்த முறை கோல். ஆஸ்திரேலியா 3-0 என ஷூட்-அவுட்டை வென்றது. பின்னர் சர்வதேசக் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்டது. இங்கே தீர்ப்பில் பிழை இல்லை, ஏற்பாட்டில் பிழை. கடிகாரம், கேமரா, அதிகாரிகள் எல்லாம் இருந்தும் இது நடக்கிறது.

இதைச் சொல்வது தொழில்நுட்பம் வேண்டாம் என்பதற்காக இல்லை. கருவி பதில் சொல்லும் கேள்வி வேறு, விதி கேட்கும் கேள்வி வேறு.

ஒற்றை விசிலுக்கு ஏற்ற விதி

முறையான ஆட்டத்தில் இரண்டு அம்பயர்கள். ஆளுக்குப் பாதி மைதானம். கோல், பெனால்டி கார்னர், ஸ்ட்ரோக் முடிவுகளைத் தன் பாதியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அதாவது ஒருவர் இரண்டு வட்டத்தையும் பார்க்க முடியாது என்பதை விதியே ஒத்துக்கொள்கிறது. ஒரே விசிலோடு ஆடுகிறவர்கள் இரண்டு பேர் ஆட்டத்தின் கறாரை எதிர்பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

அதனால் எங்கள் குழுவில் பேசி நான்கு ஏற்பாடுகள் செய்துகொண்டோம். இவை எங்கள் மைதானத்துக்கானவை, புத்தகத்தில் இருப்பவை அல்ல.

முதலாவது, ஆபத்துக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் கை தூக்கி ஆட்டத்தை நிறுத்தலாம், தூக்கியவரின் எதிரணிக்காரர் உட்பட. யார் மேலும் பழி இல்லை. ஃப்ரீ ஹிட், ஆட்டம் தொடரும்.

இரண்டாவது, காலில் பட்டால் அம்பயர் மனசுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவார். அதற்குள் யாருக்கும் பாதகம் தெரியவில்லை என்றால் விசில் இல்லை. கத்தினாலும் இல்லை.

மூன்றாவது, பெனால்டி கார்னரில் முதல் ஷாட் தரையோடுதான். எங்கள் கோலுக்குப் பின்பலகையும் கிடையாது, ஓடி வந்து தடுப்பவருக்கு முகக் கவசமும் கிடையாது. டிவியில் பார்க்கும் டிராக் ஃப்ளிக் இந்த மண்ணில் வேண்டாம்.

நான்காவது, அட்டை. முறையான ஆட்டத்தில் பச்சை முக்கோண அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சள் சதுர அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே, சிவப்பு வட்ட அட்டைக்கு ஆட்டம் முழுக்க வெளியே. நாங்கள் அட்டை வைத்துக்கொள்வதில்லை. "ரெண்டு நிமிஷம் தண்ணி குடிச்சிட்டு வா தம்பி." ஏழு பேர் ஆட்டத்தில் ஒருவர் இரண்டு நிமிடம் இல்லையென்றால் எவ்வளவு பெரிய பள்ளம் என்று உள்ளே இருக்கும் ஆறு பேர் அவருக்குச் சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் நிற்பதற்கு அடியில் ஒன்று வேண்டும்: விசில் பிடிக்க ஒரு ஆள். அம்பயரோடு சண்டை புதிதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 0-1 எனத் தோற்ற பாகிஸ்தான் அணியின் கோபம், பதக்க மேடையில் கொடிக்கு முதுகைக் காட்டும் அளவுக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்கு முதலில் ஆயுள் தடை, பிறகு அது குறைக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் அடுத்த ஆட்டத்துக்கு அம்பயர் எப்படியும் வந்துவிடுவார். ஞாயிறு ஆட்டத்தில் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்கும் ஒருவரை நாலு வாரம் திட்டினால், ஐந்தாவது வாரம் அவர் வரமாட்டார். அந்தத் தம்பிக்குப் புருவம் கிழிந்தது விசில் இல்லாத ஒரு நாளில்தான்.

"ஃபுட்டு" கூச்சல் எங்கள் மைதானத்தில் இன்னும் குறையவில்லை. குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. கத்துவது ஆட்டத்தின் பாதி ருசி. ஆனால் பந்து இடுப்புக்கு மேல் எழும்பினால் இப்போது யாரோ ஒருவர் கை தூக்குகிறார், சில வாரம் அடித்தவரே தூக்குகிறார். அடுத்த ஞாயிறு உங்கள் ஊர் மைதானத்தில் விசில் உங்கள் கைக்கு வந்தால், இரண்டு கேள்விகளையும் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டிருக்குமா? ஆமாம் என்றால் உடனே ஊதுங்கள். இல்லையென்றால், யாருக்காவது நஷ்டமா? அதற்குப் பதில் சொல்ல அவசரமே இல்லை.